சிதறாத இடம்: தரவுத்தளத்தின் கூட்டு மதிப்பை நிரல்மொழிப் பொருளாக மாற்றுதல், அந்தமான் நிக்கோபார் இடவிவரத்தை முன்வைத்து

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை ஏறத்தாழ 4.25 மீட்டர் தாழ்ந்தது. அதே நாளில் வட அந்தமானின் மேற்குக் கரை ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. கார் நிக்கோபார் போன்ற தீவுகள் கிடைமட்டத்திலும் சில மீட்டர் தென்மேற்காக நகர்ந்தன. ஆகவே இங்கு ஓர் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்ற மூன்று எண்களால் மட்டும் குறிக்க முடியாது. எந்த ஆதாரச் சட்டகத்தில் அளந்தது, எந்த நாளில் அளந்தது என்பவையும் சேர வேண்டும். ஐந்தும் சேர்ந்தே ஒரு மதிப்பு.

இத்தகைய கூட்டு மதிப்பு தரவுத்தளத்திலிருந்து நிரலுக்குள் வரும்போது முழுமை குலையாத ஒரே பொருளாக வர வேண்டும். அந்த மாற்றம் எல்லையில், ஒரே இடத்தில், வகையின் வரையறையைக் கேட்டறிந்து நடக்க வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

1. எல்லையில் நிகழ்வது

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தளத்தில் பல புலங்களைச் சேர்த்து ஒரு கூட்டு வகையை உருவாக்கலாம். ஒவ்வோர் அட்டவணையும் தன் பெயரிலேயே ஒரு கூட்டு வகையைத் தானாகப் பெறுகிறது. மேற்சொன்ன ஐந்து புலங்களுக்கு ‘இடம்’ என்றொரு வகை அமைத்ததாகக் கொள்வோம். எடுத்துக்காட்டாக அமைத்த ஒரு மதிப்பு உரைவடிவில் இப்படி வெளிவரும்:

(6.75,93.83,,"எவரெஸ்ட், 1830",1990-01-15)

இதில் புலங்களின் பெயர் இல்லை, வகைகளும் இல்லை. வரிசை ஒன்றே எஞ்சியிருக்கிறது. பைத்தானின் சைகோபிஜி2 நூலகம், வகையைப் பதிவு செய்யாதவரை, இதை வெறும் எழுத்துச் சரமாகவே கையளிக்கும். அதைக் காற்புள்ளியில் வெட்டுபவருக்கு ஐந்துக்குப் பதில் ஆறு துண்டுகள் கிடைக்கும், மேற்கோளுக்குள்ளும் ஒரு காற்புள்ளி இருப்பதால்.

அதைவிட ஆபத்தானது மூன்றாம் இடத்தின் வெறுமை. அது ‘உயரம் தெரியவில்லை’ என்னும் இன்மை மதிப்பு. வெற்றுச் சரமாக இருந்திருந்தால் இரட்டை மேற்கோள் வந்திருக்கும். அவசரத்தில் எழுதிய நிரல் அந்த வெறுமையைச் சுழியம் ஆக்கினால், அளக்கப்படாத ஓர் இடம் கடல்மட்டத்தில் அமர்ந்துவிடும். கரை தாழ்ந்த தீவில், அளக்காததும் கடல்மட்டத்தில் இருப்பதும் ஒன்றாகிவிடக் கூடாது. எந்த நிலத்தில் வீடு கட்டலாம் என்ற முடிவே அதைப் பொறுத்தது.

இருமவடிவம் சற்று மேலானது. அதில் புலங்களின் எண்ணிக்கையும், ஒவ்வொரு புலத்தின் வகை எண்ணும் நீளமும் உடன் வருகின்றன. ஆனால் புலப்பெயர் அதிலும் வருவதில்லை. பெயரை அறியத் தளத்தின் அமைப்பு அட்டவணைகளைக் கேட்டே ஆக வேண்டும். சைகோபிஜி2-இன் 2.4 பதிப்பில் சேர்ந்த கூட்டு வகைப் பதிவு அதைத்தான் செய்கிறது: வரையறையைத் தளத்திடம் கேட்டு, ஒவ்வொரு புலத்தையும் அதனதன் வகைக்கு மாற்றி, பெயரிட்ட டூப்பிளாகத் தருகிறது. நாள் நாளாகவும் துல்லிய எண் துல்லிய எண்ணாகவும் இன்மை இன்மையாகவும் கிடைக்கின்றன.

2. காவல் எங்கே?

பெயரிட்ட டூப்பிளோடு நின்றுவிடலாமா? கூடாது. சட்டகம் இல்லாத இடத்தையும் அது மறுப்பின்றி ஏற்கும். எவரெஸ்ட் என்னும் பழைய ஆதாரச் சட்டகத்தில் குறித்த எண்களை, உலகளாவிய டபிள்யூஜிஎஸ் 84 சட்டகத்தில் உள்ளவை என்று வாசித்தால் இடம் நூற்றுக்கணக்கான மீட்டர் விலகலாம். இந்தியாவின் பழைய நிலவரைபடங்கள் எவரெஸ்ட் ஆதாரத்தில் அமைந்தவை. 2005-இன் தேசிய நிலவரைபடக் கொள்கைதான் திறந்த தொடர் வரைபடங்களுக்கு டபிள்யூஜிஎஸ் 84-ஐ வகுத்தது. இரண்டும் ஒரே தளத்தில் சேரும் வாய்ப்பு மிகுதி.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் கூட்டு வகையின் தனிப் புலத்துக்கு ‘இன்மை கூடாது’ என்ற கட்டுப்பாட்டை நேரடியாக விதிக்க இயலாது. கூட்டு வகையின்மேல் கட்டுப்பாடு கொண்ட டொமைன் அமைக்கும் வசதி 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. எனவே மாற்றும் இடத்தில் இரண்டாம் காவல் வேண்டும். பதிவின்போது நம் சொந்த வகுப்பைத் தர நூலகம் இடம் தருகிறது. உயரம் இன்மையாக இருக்கலாம். சட்டகமும் நாளும் இல்லையென்றால் பொருள் உருவாகவே கூடாது என்று அந்த வகுப்பில் விதிக்க வேண்டும்.

வரையறை மாறும்போதும் இதே ஒழுங்கு கைகொடுக்கிறது. நாள் என்னும் புலம் பின்னர் சேர்க்கப்பட்டதாகக் கொள்வோம். பழைய வரையறையைப் பதிந்திருக்கும் சைகோபிஜி2 நான்கை எதிர்பார்த்து ஐந்தைக் கண்டு பிழை எழுப்பி நின்றுவிடும். கையால் வெட்டிய நிரலோ முதல் நான்கை எடுத்துக்கொண்டு, 2004-க்கு முந்தைய அளவையும் பிந்தைய அளவையும் ஒன்றாகக் கலந்துவிடும். நின்றுபோகும் நிரலைத் திருத்திவிடலாம். கலந்துபோன தரவைப் பிரிக்க வழியில்லை.

3. இரு மறுப்புகள்

முதல் மறுப்பு, காட் 1970-இல் வகுத்த தொடர்புசார் மாதிரியிலிருந்து எழுகிறது: மதிப்புகள் எளியவையாக இருக்க வேண்டும், ஐந்தையும் ஐந்து நெடுவரிசைகளாகவே வைக்கலாமே. ஓர் அட்டவணையில் ஓர் இடம் மட்டும் இருந்தால் அது சரி. ஆனால் ஒரு கலங்கரை விளக்கத்துக்கு நிலநடுக்கத்துக்கு முன், பின் என இரு இடங்கள் வேண்டுமென்றால் நெடுவரிசைகள் பத்தாகும். எந்த நாள் எந்த உயரத்துக்கு உரியது என்பதைப் பெயரின் முன்னொட்டு மட்டுமே சொல்லும். மேலும் தரவுத்தள அறிஞர்களான டேட், டார்வென் இருவரும் வலியுறுத்தியதுபோல, எளிமை என்பது மதிப்பின் உள்ளமைப்பைப் பற்றியதன்று. தளம் அதை ஒரே மதிப்பாகக் கையாள்கிறதா என்பதைப் பற்றியது.

இரண்டாம் மறுப்பு: எல்லாவற்றையும் ஜேசானாக அனுப்பினால் பெயர்களும் உடன் வருமே. உண்மை, அது பெரிய நன்மைதான். ஆனால் ஜேசானில் நாளுக்கு வகை கிடையாது. அது மீண்டும் சரமாகிறது. தசம எண்ணைப் பல நிரல்மொழிகள் மிதவைப் புள்ளி எண்ணாக வாசிக்கின்றன. வகையை மீட்கும் வேலை ஒவ்வொரு நிரலாளரின் தலையிலும் தனித்தனியே விழுகிறது.

4. முடிவு

அட்சரேகையில் ஐந்தாம் தசம இடம் ஏறத்தாழ 1.1 மீட்டரைக் குறிக்கும். ஒரே நாளில் சில மீட்டர் நகர்ந்த தீவுகளுக்கு, நாளைத் தவறவிட்ட ஐந்தாம் தசமம் பொய்யான துல்லியம். ஆகவே தீவுகளின் இடவிவரத்தைக் கையாளும் எவருக்கும் இக்கட்டுரை மூன்று விதிகளை முன்வைக்கிறது: இடத்தைக் கூட்டு வகையாகவே சேமித்தல், வகை மாற்றத்தை இணைப்பு திறக்கும் இடத்தில் ஒருமுறை பதிதல், குறையுள்ள மதிப்பிலிருந்து பொருள் உருவாக மறுத்தல். இவற்றுக்கு ஆகும் உழைப்பு சில பத்து வரி நிரல். தவிர்த்தால், பிழையான உயரத்தை நம்பிக் கரையோரத்தில் வீடு கட்டும் குடும்பம் அதன் விலையைக் கொடுக்க நேரும்.