ஹந்தானையில் எடுக்கப்பட்ட ‘இந்தியா’: காளியை இரத்தம் குடிக்க வைத்த ஹொலிவூட் படம்

கண்டியைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகளில் தலதா மாளிகைக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் பிறகு அடிக்கடி வரும் தகவல் ஒன்று உண்டு. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் ‘இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒப் டூம்’ இங்குதான் படமாக்கப்பட்டது என்பதே அது. பெருமையோடு சொல்லப்படும் தகவல். ஆனால் அது எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது, எதைப் பற்றிய கதை, யாருடைய தெய்வத்தை என்ன செய்தது என்பவை அந்தக் குறிப்புகளில் இருப்பதில்லை. எங்கள் வாசகர்களுக்காக அவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

ஏன் கண்டி?

கதை 1935 இல் இந்தியாவில் நடக்கிறது. படப்பிடிப்பையும் அங்கேயே நடத்தத்தான் முதலில் எண்ணினார்கள். திரைக்கதையைப் பார்த்த இந்திய அரசு மாற்றங்களைக் கோரியது. அதற்கு உடன்படாத படக்குழு இலங்கைக்கு வந்தது. 1983 ஏப்ரல் 18 ஆம் திகதி கண்டியில் வேலை ஆரம்பமானது.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டப் பகுதியில் ‘மாயாபூர்’ என்ற வறண்ட கிராமம் எழுப்பப்பட்டது. படத்தின் உச்சக்கட்டத்தில் அறுந்து விழும் தொங்குபாலம், அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கு அருகே அமைக்கப்பட்டது. அணை வேலையில் இருந்த பிரித்தானியப் பொறியியலாளர்களே பாலத்துக்கும் கைகொடுத்தார்கள். ஒரே ஒரு தடவைதான் அதை வெடிவைத்து அறுக்க முடியும் என்பதால், பல கமராக்களை வைத்து ஒரே நேரத்தில் படம்பிடித்தார்கள். மே மாதத்தில் வேலை இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ கலையகத்துக்கு மாறியது. கோயிலின் உட்புறக் காட்சிகள் அங்குதான் எடுக்கப்பட்டன.

இந்தத் திகதிகளை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று மாதங்களுக்குப் பிறகு கறுப்பு ஜூலை. 26 ஆம் திகதி வன்முறை கண்டி நகருக்குள்ளும் வந்தது. தமிழர்களின் கடைகள் எரிந்தன. படம் உலகத் திரைகளுக்கு வந்த 1984 மே மாதத்தில், அந்த நகரத்திலிருந்து ஓடியவர்களில் பலர் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

திரையில் இல்லாத மொழி

இந்தியக் கிராமம் என்று காட்டப்படும் மாயாபூரில் மக்கள் பேசுவது சிங்களம். கிராமத்துப் பூசாரியாக வருபவர் சிங்களத் திரையுலகின் மூத்த நடிகர் டி. ஆர். நாணயக்கார. அவர்களுடைய நடிப்பில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஹந்தானை போன்ற தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்கள் உண்மையாகவே இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய பிரஜாவுரிமையைப் பறித்தது. 1983 இலும் பலர் நாடற்றவர்களாகவே இருந்தார்கள். இந்தியாவைக் காட்ட அந்த மலையைத் தேர்ந்தெடுத்த படத்தில், அந்த மக்களின் மொழி கேட்கவில்லை.

பயமும் பகிடியும்

கதையில் தக்கர் கூட்டம் ஒன்று நிலத்துக்கடியில் காளிக்கு நரபலி கொடுக்கிறது. தலைவன் மோலா ராமாக வரும் அம்ரிஷ் பூரி, உயிரோடிருப்பவனின் நெஞ்சிலிருந்து இதயத்தைக் கையால் பிடுங்குகிறார். பிடிபட்டவர்களின் வாயில் ‘காளியின் இரத்தம்’ ஊற்றப்படுகிறது. குடித்தவர் சுயநினைவு இழந்து அடிமையாகிறார். இரத்தக் காட்டேரிப் படங்களின் பழைய உத்திதான் இது. இடையிடையே சிரிப்புக்காகக் குரங்கு மூளை விருந்தும் பூச்சித் தீனியும் வருகின்றன. பயமும் பகிடியும் ஒன்றையொன்று கெடுத்துவிட, சிரிக்கவும் முடியாமல் பயப்படவும் முடியாமல் இருக்க வேண்டியிருக்கிறது.

சுமார் 28 மில்லியன் டொலரில் எடுக்கப்பட்ட படம் 330 மில்லியனுக்கு மேல் ஈட்டியது. காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் விருதும் பெற்றது. இருந்தும், படம் அளவுக்கு மீறி இருண்டுவிட்டது என்று ஸ்பீல்பேர்க்கே பின்னர் அதிருப்தி வெளியிட்டார். 13 வயதுக்குட்பட்டோர் குறித்துப் பெற்றோரை எச்சரிக்கும் புதிய தரப்பிரிவு அமெரிக்காவில் 1984 ஜூலையில் வந்ததற்கு இப்படமும் ஒரு காரணம். இந்தியாவில் சில காலம் தடை செய்யப்பட்டது.

புராணத்தில் காளி இரத்தம் குடிப்பது உண்மைதான். அது இரத்தபீசன் என்னும் அசுரனின் இரத்தம். சிந்தும் ஒவ்வொரு துளியிலிருந்தும் அவனைப் போல் ஒருவன் எழுவதைத் தடுக்கவே அவள் குடிக்கிறாள். கொலை பெருகுவதை நிறுத்துவதற்கான செயலை, கொலை கேட்கும் வெறியாக இந்தப் படம் மாற்றிவிட்டது.

எங்கள் நாட்டில் காளியிடம் போனவர்கள் யார்? யுத்த காலத்தில் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில், பிடித்துச் செல்லப்பட்ட மகன் உயிரோடு இருக்கிறானா என்று உருவேறியவர்களிடம் தாய்மார் கேட்டார்கள். 1992 இல், தெற்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார் கொழும்பு முகத்துவாரம் காளி கோயிலில் தலைமுடியை விரித்துச் சாபமிட்டார்கள். நீதிமன்றம் பதில் தராத இடத்தில், இரு மொழித் தாய்மாரும் முறையிட்டது அவளிடம்தான்.

பிள்ளைகள் திரும்பும் காட்சி

படத்தின் மையக் கதையும் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றியதே. மாயாபூரின் பிள்ளைகள் அனைவரும் பிடித்துச் செல்லப்பட்டுச் சுரங்கத்தில் வேலை வாங்கப்படுகிறார்கள். முடிவில் எல்லோரும் ஓடி வந்து தாய்மாரைக் கட்டிக்கொள்கிறார்கள். ஹொலிவூட்டுக்கு அது இரண்டு நிமிட மகிழ்ச்சி. வீதியோரக் கொட்டகையில் புகைப்படத்தோடு ஆண்டுக்கணக்காக இருக்கும் ஒருவருக்கு அதைப் பார்ப்பது எளிதல்ல. வீட்டில் பார்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

எனக்கு இந்தப் படத்தில் மிஞ்சுவது ஒரு சிறுவன். நாயகனின் துணையாக வரும் கெ ஹுய் குவான், வியட்நாமிலிருந்து குடும்பத்தோடு வெளியேறி, ஹொங்கொங் அகதி முகாமில் இருந்து, 1979 இல் அமெரிக்கா சென்றவர். அகதியாகப் போய் நான்கு ஆண்டுகளில் கண்டியில் கமராவுக்கு முன்னால் நின்றார். பின்னர் நீண்டகாலம் வாய்ப்பின்றி இருந்து, 2023 இல் சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்காரைப் பெற்றபோது, தன் பயணம் ஒரு படகில் தொடங்கியது என்று மேடையில் சொன்னார்.

ஹந்தானைக்குப் போகும் பிள்ளைகளிடம் ஹரிசன் போர்ட் இங்கே வந்தார் என்று சொல்லுங்கள். 1983 என்ற ஆண்டையும் அந்த அகதிச் சிறுவனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.