இருளை அச்சேற்றியவர்கள்

1895ஆம் ஆண்டு பிரான்சில் எதுவார் அல்ஃபிரட் மார்த்தேல் குகையாய்வுக் கழகத்தை நிறுவினார். குகைக்குள் இறங்கியோர் தாம் கண்டதை எழுதியனுப்ப, அக்கழகத்தின் 'ஸ்பெலுன்கா' இதழ் களமாயிற்று. ஒளிப்படக் கருவியோ முன்னரே இருளுக்குள் நுழைந்திருந்தது. 1866இல் அமெரிக்காவின் மாமத் குகையைச் சார்லஸ் வால்டாக் மக்னீசிய ஒளியில் படமெடுத்தார்.

படம் மட்டும் போதுமா? நம் சரவாக்கின் முலுவில் 1981இல் பிரித்தானியர் மூவர் ஒரு பெருங்கூடத்தை அடைந்தனர். அவர்தம் விளக்கொளி மறுசுவரை எட்டவில்லை. அளந்து குறித்த எண்களே அதன் ஏறத்தாழ 600 மீட்டர் நீளத்தை மெய்ப்பித்தன. ஆகவேதான் குகையிதழுக்கு அனுப்பும் கட்டுரையுடன் அளவை வரைபடமும், படத்தில் அளவு காட்ட ஒரு மனித உருவமும் இடம்பெறுதல் நன்று.

எழுதப்படாத குகை, கல்லுடைப்போர்க்கு வெறும் சுண்ணாம்புக் கல்லே. மாணவர்களே, கண்டதை அளந்து எழுதுங்கள்!