தோஹாவில் ஒலித்த இரண்டு சொற்கள்

நான் வசிக்கும் நந்தனம் இன்று அடங்கியிருக்கும் தென் சென்னை மக்களவைத் தொகுதி, 1967ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு உறுப்பினர்களைக் கண்டது. பொதுத்தேர்தலில் வென்றவர் அண்ணா. முதலமைச்சர் பொறுப்பேற்று அவர் சட்ட மேலவைக்குச் சென்றதால், அதே ஆண்டில் இடைத்தேர்தல் வந்தது. அதில் வென்று தில்லிக்குச் சென்றவர் 33 வயது இளைஞரான முரசொலி மாறன். அவருடைய தாய்மாமன் மு. கருணாநிதி அப்போது அடுத்திருக்கும் சைதாப்பேட்டையின் சட்டமன்ற உறுப்பினர், மாநில அமைச்சரும்கூட.

திருக்குவளையில் 1934இல் பிறந்து தியாகராஜ சுந்தரம் என்று பெயரிடப்பட்டவர் மாறன். பச்சையப்பன் கல்லூரியில் பயின்றவர், இதழாசிரியர், திரைக்கதை எழுதியவர். மாநில சுயாட்சி குறித்து 1974இல் அவர் எழுதிய நூல், மத்திய, மாநில நிதியுறவைக் கற்பிப்போர் இன்றும் படிக்கத்தக்கது. ஆயினும் அந்த வயதில், அண்ணா விட்டுச்சென்ற இடத்திற்கு அவர் பெயர் முன்வந்ததில் குடும்பத்துக்குப் பங்கில்லை என்று யாரும் வாதிட முடியாது.

1971இல் மீண்டும் வென்ற மாறன், 1977இல் அதே தொகுதியில் ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். மற்றவராயின் அத்தோல்வியோடு தில்லி வாழ்வு முடிந்திருக்கலாம். அவரோ அதே ஆண்டில் மாநிலங்களவைக்குச் சென்றார். 1995 வரை, மூன்று பதவிக்காலம், அங்கேயே இருந்தார். வாரிசு அரசியல் பற்றிய விவாதங்களில் நாம் எளிதில் கடந்துவிடும் ஒன்று இதில் இருக்கிறது. தொகுதியை இழந்தாலும் அவையை இழக்காத ஒருவருக்குக் கற்றுக்கொள்ளக் காலம் கிடைக்கிறது. சலுகைதான், ஆனால் அச்சலுகையைப் படிப்பாக மாற்றிக்கொண்டவர்கள் மிகச் சிலர். அதே இடத்தைப் பெறாமற்போன திறமையாளர் யார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பொருளியலார் வாய்ப்புச் செலவு என்பது இதைத்தான்.

வி.பி. சிங் அமைச்சரவையில் நகர்ப்புற வளர்ச்சி, தேவெ கௌடா, குஜ்ரால் காலத்தில் தொழில்துறை, 1999 முதல் வாஜ்பாயி அரசில் வணிகமும் தொழிலும் என்று பொறுப்புகள் வந்தன. கடைசியாகச் சொன்னதில்தான் அவருடைய பெயர் நிலைத்தது.

உலக வர்த்தக அமைப்பின் நான்காவது அமைச்சர்கள் மாநாடு 2001 நவம்பரில் தோஹாவில் கூடியது. 1999இல் சியாட்டில் மாநாடு தோல்வியடைந்திருந்தது. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. எப்படியாவது புதிய சுற்றுப் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்ற அழுத்தம் கடுமையாக இருந்தது. அந்நிய முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல், வர்த்தக நடைமுறை எளிமை ஆகிய நான்கையும் 'சிங்கப்பூர் விவகாரங்கள்' என்பர். இவற்றையும் அமைப்பின் விதிகளுக்குள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் முனைந்தது. ஓர் அரசு தன் சிறுதொழில்களிடம் எதை வாங்கலாம், அந்நிய முதலீட்டுக்கு என்ன நிபந்தனை விதிக்கலாம் என்பதெல்லாம் இதில் அடங்கும்.

இந்த அமைப்பில் கருத்தொற்றுமை என்பதற்கு ஒரு தனிப்பொருள் உண்டு. கூட்டத்தில் இருக்கும் எந்த உறுப்பினரும் முறைப்படி மறுக்காவிட்டால் அதுவே ஒப்புதல். மராகேஷ் உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவுக்கான முதல் அடிக்குறிப்பு அப்படிச் சொல்கிறது. மௌனம் சம்மதம் என்ற நம் பழமொழி ஓர் உலகச் சட்டமாயிற்று என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. சிறிய நாடுகள் மறுக்க அஞ்சி மௌனம் காத்தால் அவை ஒப்பியதாகவே கொள்ளப்படும்.

மாறன் கேட்டது 'வெளிப்படையான கருத்தொற்றுமை'. மாநாடு ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. 142 உறுப்பு நாடுகளில் இறுதிவரை அசையாமல் நின்றது இந்தியாதான். மாநாட்டுத் தலைவரான கத்தார் அமைச்சர் யூசுப் ஹுசைன் கமால் முடிவில் ஒரு விளக்கம் அளித்தார்: அடுத்த மாநாட்டில் வெளிப்படையான கருத்தொற்றுமை எட்டினால்தான் இந்த நான்கிலும் பேச்சு தொடங்கும், ஓர் உறுப்பினர் இணங்காவிட்டாலும் அதைத் தடுக்கலாம். அதன் பின்னரே இந்தியா ஒப்புக்கொண்டது.

வேளாண் மானியத்தில் இந்தியா அன்று பெற்றது குறைவு என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. மாறன் தாராளமயத்தின் பகைவரும் அல்லர். எஞ்சியிருந்த 1,429 பொருள்களின் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் 2000, 2001 ஏப்ரல்களில் நீங்கியதும், சிறப்புப் பொருளாதார மண்டலத் திட்டம் 2000இல் அறிவிக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். கதவைத் திறப்பதை அவர் எதிர்க்கவில்லை. எந்தக் கதவை, எப்போது என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டும் என்றார்.

2003 செப்டம்பரில் கான்குன் மாநாடு இவ்விவகாரங்களில் முறிந்தது. 2004 ஆகஸ்ட் 1 அன்று பொதுக்குழு, நான்கில் மூன்றை தோஹா சுற்றிலிருந்து விலக்கியது. அதைக் காண மாறன் இல்லை. 2002இல் நோயுற்ற அவர், இலாகா இல்லாத அமைச்சராகவே இருந்து 2003 நவம்பர் 23 அன்று காலமானார். ஓர் ஆண்டுக்கு மேல் பணியாற்ற இயலாத ஒருவர் அமைச்சராகத் தொடர்ந்தது கூட்டணிக் கணக்கு. அதைப் போற்ற என்னால் இயலவில்லை. அடுத்த மாதமே தி.மு.க. அந்தக் கூட்டணியைவிட்டு வெளியேறியது.

2004இல் மத்திய சென்னையில் வென்ற அவருடைய மகன் தயாநிதி, முதல் முறையிலேயே கேபினட் அமைச்சரானார். தந்தை அவைக்குள் நுழைந்து அமைச்சராக 22 ஆண்டுகள் ஆயின. 2007 மே மாதம், கருணாநிதியின் வாரிசு யார் என்று தினகரன் வெளியிட்ட கருத்துக்கணிப்பு மதுரையில் வன்முறையாக வெடித்து, அந்நாளிதழின் ஊழியர் மூவர் உயிரிழந்தனர். சில நாள்களில் தயாநிதி பதவி விலகினார். குடும்பச் சண்டைக்கு விலை கொடுத்தவர்கள் அக்குடும்பத்தைச் சேராத மூவர் என்பதை நான் மறப்பதில்லை.

நான்காவது விவகாரமான வர்த்தக நடைமுறை எளிமை மட்டும் 2013இல் பாலியில் உடன்பாடாகி, 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் ஏற்றது. முதலீடு, 2024 பிப்ரவரியில் அபுதாபி மாநாட்டில் புதிய வடிவில் மீண்டும் வந்தது. 120க்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்த அந்த உடன்பாட்டை அமைப்பின் விதித்தொகுப்பில் சேர்க்கக் கருத்தொற்றுமை இல்லை என்று இந்தியா மறுத்தது. இம்முறை மௌனத்துக்கு இடமே இருக்கவில்லை.