அயிரைக்கு ஒரு படி மணல்

இந்த வாரக் கதை ஒரு மீன் தொட்டியில் இருந்து தொடங்குது. என் தொட்டிதான்.

போன ஆடி மாசம் பூதலூர் போயிருந்தேன். தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருக்கிற ஊர். சித்தப்பா வீடு அங்கேதான். வாய்க்காலில் தண்ணி வந்து சில வாரம் ஆகியிருந்தது. பசங்க கொசுவலையை விரிச்சு அயிரை பிடிச்சிட்டு இருந்தாங்க. பன்னிரண்டு மீனை ஒரு தண்ணி கேனில் போட்டு சென்னைக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் புதுசா வாங்கின இரண்டடித் தொட்டி ரெடியா இருந்தது. எல்.ஈ.டி. லைட், ஏர் பம்ப், அடியில் நீலமும் வெள்ளையுமா கலர் கல். பார்க்க அவ்வளவு அழகு.

மறுநாள் காலையில் ஒரு மீன் தரையில் காய்ந்து கிடந்தது. மூடி போடாதது என் தப்பு. மற்றதெல்லாம் ஃபில்டருக்குப் பின்னாடி ஒண்டிக் கிடந்தன. நாலு நாளில் இன்னும் ஐந்து போச்சு. சித்தப்பாவுக்கு போன் பண்ணினேன்.

"மணல் போட்டியாப்பா?"

"கல்லு போட்டிருக்கேன் சித்தப்பா."

"கல்லுல அது எங்க போய்ப் படுக்கும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கிடைச்சதுதான் இந்த எபிசோடு.

முதலில், கண்ணாடித் தொட்டி வீட்டுக்குள் வந்த கதை. மீனைக் குளத்திலும் பானையிலும் வளர்ப்பது ரொம்பப் பழைய பழக்கம். சீனாவில் தங்கமீன் வளர்ப்புக்கு ஆயிரம் வருஷ வரலாறு இருக்கு. ஆனால் நாம இன்னிக்குப் பார்க்கிற மாதிரியான தொட்டி 1850-ஐ ஒட்டித்தான் இங்கிலாந்தில் பரவ ஆரம்பித்தது. அதற்கு ஒரு காரணம் வரி. கண்ணாடி மேல இருந்த வரியை பிரிட்டன் 1845-ல் நீக்கியதும் கண்ணாடி மலிவாச்சு.

இன்னொரு காரணம் ராபர்ட் வாரிங்டன் என்கிற லண்டன் வேதியியலாளர். அவர் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனையும், நாடா மாதிரி இலை உள்ள வாலிஸ்னேரியா செடியையும் விட்டார். கொஞ்ச நாளில் இலைகள் அழுகித் தண்ணி கலங்கிப்போச்சு. பிறகு குளத்து நத்தைகளை விட்டார். நத்தை அழுகலைத் தின்றது, தண்ணி தெளிந்தது. செடி ஆக்சிஜன் தருது, மீன் கழிவு செடிக்கு உரமாகுது, நத்தை குப்பையைப் பார்த்துக்குது. 1850-ல் இதைக் கட்டுரையாகவே எழுதினார். தண்ணியைத் தினமும் மாற்றாமலே ஒரு தொட்டியை உயிரோட வெச்சிருக்கலாம் என்பதற்கு அது தெளிவான விளக்கம். அந்தப் பாத்திரத்தின் அடியில் அவர் என்ன போட்டிருந்தார் தெரியுமா? மணலும் சேறும். அதுக்கு மேல மீன் ஒதுங்கிக்கொள்ள சில பாறைத் துண்டுகள்.

அப்புறம் எல்லாம் வேகமா நடந்தது. 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்றே ஒரு கூடம் திறந்தாங்க. 1854-ல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் வந்த பிறகு 'அக்வேரியம்' என்கிற சொல் வீட்டுக்கு வீடு போனது. நம்ம சென்னை மெரினாவில் 1909-லேயே மீன் காட்சிசாலை வந்துடுச்சு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அது மூடப்பட்டது.

இதில் நம்ம அயிரை எங்கே வருது? அயிரை சேர்ந்த குடும்பத்தை ஆங்கிலத்தில் லோச் என்பாங்க. அதில் ஐரோப்பிய உறவுக்காரர் ஒருத்தர் இருக்கார். ஜெர்மனியில் அவருக்குப் பேரே 'வானிலை மீன்'. இடியும் மழையும் வருவதற்கு முன்னாடி அமைதி இழந்து மேலும் கீழும் நீந்தும். அதனால் மக்கள் இதை ஜாடியில் போட்டு வீட்டில் வளர்த்தாங்க. வீட்டு பாரோமீட்டர்னே சொல்லலாம். இந்த மீன் மேலே வந்து காற்றை விழுங்கி, குடல் வழியா சுவாசிக்கும் என்பதை பால் எர்மன் 1808-லேயே எழுதிட்டார். குளம் வற்றிச் சேறானாலும் தாக்குப்பிடிக்க உதவுகிற வித்தை அது.

நம்ம அயிரைக்கு அறிவியல் பேர் கிடைச்சது 1846-ல். பேர் வெச்சவர் பிரெஞ்சு விலங்கியலாளர் வாலன்சியன். இனப் பேர் தெர்மாலிஸ். வெப்பத்தைக் குறிக்கிற சொல். சேற்றில் புரளுகிற மீனுக்கு ஏன் இந்தப் பேர்? அவர் விவரித்த மீன் பிடிபட்ட இடம் இலங்கைத் திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீரூற்று. தாயாருக்கு ஈமக்கடன் செய்ய இராவணன் உண்டாக்கியதாகச் சொல்லுகிற அதே கன்னியாதான்.

நமக்கு மட்டும் அயிரையை அறிமுகப்படுத்த யாரும் வர வேண்டியிருக்கலை. குறுந்தொகையிலேயே அயிரை வருது. வயல் நீரில் திரியும், கொக்கு, நாரைக்கு இரையாகும். மதுரைப் பக்கம் அயிரைக் குழம்பு வைக்கிறவங்க, உயிரோட இருக்கிற மீனைப் பாலில் விட்டு, வயிற்றில் இருக்கிற மண்ணைக் கக்க வைப்பாங்க. யோசிச்சுப் பாருங்க, இந்த மீனைச் சமைக்கிறதில் முதல் வேலையே மணலை வெளியே எடுக்கிறதுதான். அது வாழ்வதே மணலோடதான். வாயைச் சுற்றி இருக்கிற மீசையால் மணலைத் துழாவி இரை தேடும். பயந்தால் நொடியில் மணலுக்குள்ள புதைந்துவிடும். நான் அதைக் கலர் கல்லு மேல படுக்கச் சொன்னேன்.

இப்போ பூதலூருக்கு வருவோம். கல்லணை இருக்கிறதே பூதலூர் வட்டத்தில்தான். அங்கே தண்ணி காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரியுது. இந்தக் கால்வாயை ஊரில் 'புது ஆறு' என்பாங்க. 1934-ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்தது. சுமார் 148 கிலோமீட்டர் நீளம். ஆறு புதுசா இருந்தாலும் தரை மண் தரை. அதனால் அயிரைக்கு அதுவும் வீடாச்சு.

அடுத்த பெரிய மாற்றம் வயலில் வந்தது. 1960-ல் மத்திய அரசின் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வான முதல் ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை 27 நெல் வந்தது, விளைச்சல் கூடியது, பல வீட்டில் பசி தீர்ந்தது. அதை யாரும் குறைச்சுப் பேச முடியாது. கூடவே பூச்சிமருந்தும் வந்தது. எண்ட்ரின் மாதிரியான மருந்து மீன்களுக்குக் கொடிய நஞ்சு. இந்தியாவில் அது 1990-ல்தான் தடை செய்யப்பட்டது. "மருந்து அடிச்ச மறுநாள் வாய்க்கால்ல வெள்ளையா மிதக்கும். அப்புறம் நாங்க வயல் மீனைச் சாப்பிடறதையே விட்டுட்டோம்" என்றார் சித்தப்பா.

மூணாவது மாற்றம் இப்போ நம்ம கண்ணு முன்னாடி நடக்குது. 2021 பிப்ரவரியில், கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்கும் 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. கரைக்கும் தரைக்கும் கான்கிரீட் போடுவது அதில் ஒரு பகுதி. அதற்கு நியாயமான காரணம் இருக்கு. வழியிலேயே தண்ணி கசிந்து போனால் பேராவூரணி பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேராது. ஆனால் தரையிலும் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் ஊறாது என்று விவசாயிகள் எதிர்த்தாங்க. போர்வெல்லை நம்பி இருக்கிறவங்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. அந்த வாக்குவாதத்தில் அயிரைக்காகப் பேச யாருமில்லை. நானும் பேசியிருக்க மாட்டேன், தொட்டியில் ஆறு மீன் சாகிற வரைக்கும்.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். அயிரை அழிந்துவரும் மீன் கிடையாது. இந்தியா, இலங்கை இரண்டிலும் பரவலா இருக்கு. ஆனால் அதன் உறவுக்காரர், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் மட்டும் வாழ்கிற வரிக்குதிரை லோச், சர்வதேசப் பட்டியலில் ஆபத்தில் உள்ள இனம். ஓடைகள் கெட்டுப்போனதும், தொட்டி வியாபாரத்துக்காகப் பிடித்ததும் அதற்குக் காரணம். அதனால் கடையில் லோச் கேட்டு வாங்கும்போது, இது எங்கிருந்து வந்ததுன்னு கேளுங்க. ஆரஞ்சும் கறுப்புமா மின்னுகிற கிளவுன் லோச் இந்தோனேசியாக்காரர். வாங்கும்போது விரல் அளவு, வளர்ந்தால் ஒரு அடி. இரண்டடித் தொட்டி அதுக்குச் சிறை.

என் தொட்டியை எப்படி மாத்தினேன்? கலர் கல்லை எடுத்தேன். பொடி மணலைத் தண்ணி தெளியும் வரை அலசி, இரண்டு அங்குலத்துக்குப் பரப்பினேன். கூர்மையான கல் மீசையைத் தேய்த்துவிடும், அதனால் உருண்டைக் கூழாங்கல் மட்டும் நாலைந்து. வாலிஸ்னேரியா வெச்சேன், வாரிங்டன் ஞாபகமா. குழாய்த் தண்ணிக்கு ஆன்டி குளோரின் சொட்டு. மீன் கழிவில் வருகிற அம்மோனியாவை மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அது வரைக்கும் பொறுத்திருக்கணும், நான் முதல் தடவை ஒரு நாள்கூடப் பொறுக்கலை. ஹீட்டர் தேவைப்படலை. இறுக்கமான மூடி கட்டாயம். கூட்டமா வாழ்கிற மீன், ஐந்தாறுக்குக் குறையாமல் வைக்கணும். முக்கியமா, தொட்டி மீன் சலிச்சுப்போச்சுன்னு ஏரியிலோ வாய்க்காலிலோ கொண்டுபோய் விடாதீங்க. 'டேங்க் கிளீனர்' மீன் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகினது அப்படித்தான்.

தொட்டி தயாராகும் வரை ஒரு பக்கெட்டில் மணல் போட்டு வைத்திருந்த ஆறு அயிரையும் பிழைச்சுக்கிட்டன. தொட்டியில் விட்ட அன்னிக்கு ராத்திரி ஒண்ணையும் காணோம். திரும்பவும் குதிச்சிடுச்சோன்னு டார்ச் அடிச்சுத் தரையெல்லாம் தேடினேன். அப்புறம் கவனிச்சேன், மணலுக்கு மேல ஆறு ஜோடி கண்ணு மட்டும் தெரிஞ்சது.

போட்டோ எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். "மணல் எங்கப்பா வாங்கின? என்ன விலை?" என்று பதில் வந்தது. கிலோ நாற்பது ரூபாய்னு சொன்னேன். சிரிக்கிற எமோஜி ஒண்ணு அனுப்பினார். கொஞ்சம் கழிச்சு ஒரு வரி: "இங்க அதைத்தான் மூடிக்கிட்டு இருக்காங்க."