கழுவ நீட்டிய கால்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குருவானவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து, ஒவ்வொருவர் காலிலும் தண்ணீர் ஊற்றித் துடைப்பார். கோயிலில் எல்லார் கண்ணும் அவர்மேல்தான் இருக்கும். இந்தச் சடங்கின் வரலாற்றை எழுதியவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். யார் கழுவினார், எவ்வளவு பணிந்தார் என்பதே பேச்சு. ஆனால் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவும் யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் சிக்கல் முளைப்பது உட்கார்ந்திருப்பவரிடம். இயேசுவுக்குக் குனிவதில் தயக்கமே இல்லை. பேதுருதான் காலைத் தரமாட்டேன் என்கிறார். கால் கழுவுவது அன்று அடிமையின் வேலை. போதகர் கையால் அதைச் செய்துகொள்வதைவிட மறுப்பதே மரியாதை என்று அவருக்குப் பட்டது. மறுத்தால் தம்மோடு பங்கில்லை என்று இயேசு கண்டித்துச் சொன்ன பிறகே இணங்குகிறார். பெற்றுக்கொள்ளத் தெரியாதவர் சீடராக முடியாது என்பதுதான் அந்தக் காட்சியின் கனம். பின்வந்த நூற்றாண்டுகள் அதைச் சில இடங்களில் காப்பாற்றின. பெரிய அரண்மனைகளில் தொலைத்தன.

நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரில், ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து ஏறி வந்தவர்களின் கால்களை ஆயரும் குருக்களும் கழுவினார்கள். புதுக் கிறிஸ்தவர் முதலில் செய்ய வேண்டியிருந்தது காலை நீட்டுவதுதான். ரோமில் இந்த வழக்கம் கிடையாது. ஸ்பெயினில் கூடிய எல்விரா சங்கமோ குருக்கள் இப்படிக் கழுவக் கூடாதென்று விதியே எழுதியிருந்தது. இது வெறும் உபசாரம், திருச்சடங்கில் சேராது என்று வாதிட்டவர்களுக்கு மிலான் ஆயர் அம்புரோஸ் பதில் சொன்னார்: பணிவு வேறு, பரிசுத்தமாக்குதல் வேறு, பேதுருவின் கதையே அதற்குச் சாட்சி. கூட்டம் பெருகியதால் ரோம் இதை விட்டிருக்கலாம் என்று மெல்ல ஒரு குத்தலும் வைத்தார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு இன்னும் கறாரானது. சமையல்கட்டு வேலை வாரமுறை. முறை முடிந்து போகிறவர் சனிக்கிழமையன்று, சகோதரர்கள் கைகால் துடைத்த துண்டுகளையெல்லாம் துவைத்துப் போட வேண்டும். அதன்பின், முறை ஏற்க வருபவரும் அவரும் சேர்ந்து எல்லார் காலையும் கழுவ வேண்டும். எல்லார் என்றால் மடாதிபதியும் அதில் அடக்கம். விருந்தினர் காலைக் கழுவும் அதே மடாதிபதி, பாத்திரம் தேய்த்தவரிடம் தம் காலைக் கொடுத்தாக வேண்டும்.

அரசர்கள் கையில் சடங்கு வேறு உருவெடுத்தது. 1573இல் கிரீனிச்சில் முதலாம் எலிசபெத் 39 ஏழைப் பெண்களின் கால்களைக் கழுவினார். அது அவருடைய வயதின் கணக்கு. அவர் தொடுவதற்குமுன் அந்தக் கால்கள் ஏற்கெனவே மூன்று முறை கழுவப்பட்டிருந்தன. முதலில் அரண்மனைச் சலவைக்காரர்கள் நறுமணப் பூக்கள் மிதக்கும் வெந்நீரால் கழுவினார்கள். அடுத்துத் தர்ம அதிகாரியின் உதவியாளர், பிறகு தர்ம அதிகாரி. அரசிக்கு மிஞ்சியது அழுக்கே இல்லாத கால். 18ஆம் நூற்றாண்டில் கழுவுவதும் நின்றுபோய், இன்று இங்கிலாந்தில் நாணயப் பை கொடுப்பது மட்டும் நடக்கிறது. வியன்னாவில் பேரரசர் பிரான்ஸ் யோசப் ஆண்டுதோறும் 12 முதியவர்களின் கால் கழுவினார். அந்த ஏழைகளும் பெற்றுக்கொண்டவர்கள்தானே என்று கேட்கலாம். ஆனால் பேதுருவைப் போல மறுக்க அவர்களுக்கு ஏது உரிமை? அரசரோ ஒருநாளும் தம் காலை அவர்களிடம் நீட்டவில்லை. தருபவர் இடம் மாறாதவரை அது தர்மம். யோவான் சொல்லும் காரியம் அதுவல்ல.

இடம் மாறும் வழக்கம் சிறு சபைகளில் பிழைத்தது. மென்னோனைட்டுகள் 1632இன் டார்ட்ரெக்ட் அறிக்கையில் கால் கழுவுதலைச் சபைக் கடமையாக எழுதினார்கள். 1708இல் ஜெர்மனியின் ஷ்வார்ட்செனாவில் அலெக்சாண்டர் மாக் தலைமையில் தொடங்கிய பிரதரன் சபையினர் அதை அன்பின் விருந்தோடு சேர்த்தார்கள். அமெரிக்காவில் குடியேறிய பின் அவர்களுக்குள் ஒரு சண்டை மூண்டது. ஒருவர் கழுவ மற்றொருவர் துடைத்துக்கொண்டே பலரையும் கவனிப்பது சரியா, அல்லது ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்குக் கழுவித் துடைப்பது சரியா? 1880களில் சபை உடைந்தபோது தகராறுகளில் இதுவும் ஒன்று. இவ்வளவுக்கும் இரண்டு முறையிலும் கழுவப்படாத கால் கிடையாது. கழுவும் விதத்துக்காகப் பிரிந்தவர்கள், கழுவப்படுவதில் ஒன்றாகவே இருந்தார்கள்.

இயேசுவின் கட்டளை கழுவுங்கள் என்பதுதானே, பெறுவதைத் தூக்கிப் பிடித்தால் எளியவர்களை இன்னும் கையேந்த வைப்பதாகாதா என்பது நியாயமான எதிர்வாதம். கட்டளை ஒருவருக்கொருவர் செய்யச் சொல்கிறது. எல்லாரும் கழுவுகிறவர்களாகவே நின்றால் அது நடக்கவே நடக்காது. பெறக் கற்க வேண்டிய கட்டாயமும் எளியவர்களுக்கல்ல, பேதுருவைப் போல மதிப்புக் குலையுமென்று அஞ்சுகிறவர்களுக்கே. கத்தோலிக்கச் சபையில் 1955 சீர்திருத்தம் இச்சடங்கைப் பெரிய வியாழன் திருப்பலிக்குள் கொண்டுவந்தது. 2016இல் பெண்களுக்கும் அந்த வரிசையில் இடம் கிடைத்தது. கழுவும் குருவின் காலுக்கு மட்டும் இன்னும் இடமில்லை. அவர் கிறிஸ்துவின் இடத்தில் நிற்கிறார் என்பார்கள். அதே நற்செய்தியின் முந்தின அதிகாரத்தில் பெத்தானியா மரியா விலையுயர்ந்த தைலத்தை இயேசுவின் பாதங்களில் பூசித் தன் கூந்தலால் துடைக்கிறார். யூதாஸ் முணுமுணுக்கிறான், இயேசு மரியாவைத் தடுக்க வேண்டாம் என்கிறார். அவர் ஏற்றுக்கொண்டதைக் குருவானவரும் ஏற்கலாம். ஆலயத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போடப்பட வேண்டும்.