பள்ளிப்படையும் பாலாற்றங்கரையும்: எங்கள் அரசர்கள் எங்கே உறங்குகிறார்கள்?

லண்டனில் நியூ மோல்டன் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அது ஒரு குட்டிக் கொரியா. எங்களுக்கு ஹரோ, வெம்பிளி எப்படியோ, அவர்களுக்கு அந்த இடம். கடைப் பெயர்ப்பலகையிலிருந்து மரக்கறி வரை எல்லாம் அவர்களுடையது. அவர்களிடம் இருக்கும் இன்னொன்றுதான் எனக்குக் கொஞ்சம் பொறாமையைத் தருகிறது. அது அவர்களுடைய அரசர்களின் கல்லறைகள்.

1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்ட ஜோசோன் அரச வம்சத்தின் 40 கல்லறைகளை, 18 இடங்களில் உள்ளவற்றை, யுனெஸ்கோ 2009இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஆண்டு எங்களுக்கு எதனால் நினைவில் நிற்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கல்லறைகளின் அமைப்பே ஒரு அழகு. பின்னால் மலை, முன்னால் நீர், நடுவே புல் மூடிய வட்ட மேடு. கீழேயிருந்து போனால் முதலில் சிவப்பு மரத் தூண்களால் ஆன ஒரு வாசல். அதைத் தாண்டினால் படையல் வைக்கும் மண்டபம். அதற்கும் மேலே, மேட்டைச் சுற்றி மூன்று பக்கம் தாழ்ந்த மதில். காவலுக்குக் கல்லில் செய்த ஆடுகளும் புலிகளும், முன்னால் கல்லாலான அமைச்சர்களும் படைத்தலைவர்களும். கோபுரம் இல்லை, தங்கம் இல்லை. மலையை வெட்டாமல் மலையோடு சேர்ந்து கட்டியிருக்கிறார்கள்.

இவற்றில் முதல் அரசர் தேஜோவின் கல்லறை மட்டும் வித்தியாசம். மற்ற மேடுகளில் வெட்டிவிட்ட புல். இவருடையதில் ஆளுயர நாணல். இவர் 1408இல் இறந்தார். சொந்த ஊரான ஹம்ஹுங் பக்கமே தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசையாம். மகன் தலைநகருக்கு அருகில்தான் புதைத்தான். ஆனால் ஊரிலிருந்து மண்ணும் நாணலும் கொண்டுவந்து மூடினான் என்பது அவர்கள் மரபு. அந்த ஹம்ஹுங் இன்று வடகொரியாவில் இருக்கிறது, தென்கொரியர்கள் நினைத்தபடி போய்வர முடியாத இடத்தில். ஆண்டுக்கொருமுறை, ஏப்ரல் மாதத்தில், அந்த நாணலை முறைப்படி வெட்டிப் படையல் வைக்கிறார்கள். ஊர் மண்ணை விட்டு வந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

சரி, எங்களிடம் என்ன இருக்கிறது?

இறந்தவரை மறக்கிற இனம் அல்ல நாங்கள். ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகள் கிடைத்தன. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவதை, காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படியாகத் தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. சோழர் காலத்தில் இதுவே அரச குடும்பத்துக்குப் 'பள்ளிப்படை' ஆனது. இறந்தவர் நினைவாக ஒரு சிவன் கோயில். கருவறையில் லிங்கம், வெளியே வழமையான விமானம். பார்த்தால் வேறுபாடு தெரியாது. கல்வெட்டு வாசித்தால்தான் தெரியும்.

காளத்திக்குப் பக்கத்தில் தொண்டைமானாற்றூரில் இறந்த முதலாம் ஆதித்தனுக்கு மகன் பராந்தகன் எழுப்பியது ஆதித்தேச்சரம். அரிஞ்சயனுக்கு, அவன் பேரன் முதலாம் இராசராசன் வேலூர் மாவட்டம் மேல்பாடியில் எழுப்பியது அரிஞ்சிகை ஈச்சரம். இராசராசனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன் மாதேவிக்கு முதலாம் இராசேந்திரன் பழையாறையில் ஒரு பள்ளிப்படை எடுத்தான்.

அந்த இராசேந்திரன்? கங்கை வரை படை அனுப்பியவன், கடல் கடந்து கடாரம் வென்றவன். அவன் 1044இல் இறந்ததைச் சொல்லும் கல்வெட்டு காஞ்சிபுரத்துக்கு அப்பால், செய்யாறு பக்கம், பிரம்மதேசம் கோயிலில் இருக்கிறது. அரசி வீரமாதேவி அவனோடு உடன்கட்டை ஏறினாள். இருவரின் தாகம் தீர, அரசியின் சகோதரனான ஒரு சேனாபதி தண்ணீர்ப் பந்தலுக்குத் தானம் கொடுத்தான். அவ்வளவுதான் செய்தி. கடாரம் கொண்டவனுக்குக் கடைசியில் வழிப்போக்கர் குடிக்கும் தண்ணீர்தான் நினைவுச்சின்னம். எனக்கு இது எந்தப் பெரிய கோபுரத்தையும் விடப் பெரிதாகத் தெரிகிறது.

இராசராசன் கதை இன்னும் துயரம். கும்பகோணத்துக்கு அருகே உடையாளூரில்தான் அவன் சமாதி என்று ஊரார் சொல்கிறார்கள். 2019இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆய்வு செய்யச் சொன்னது. ஆனாலும் அதை நிறுவும் சான்று கிடைக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவனுக்கு உறுதியாகச் சொல்ல ஒரு கல் இல்லை.

எங்கள் தீவுக்கு வாருங்கள். அனுராதபுரத்தில், எல்லாளனைக் கொன்ற துட்டகைமுனுவே அவனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினான் என்றும், அந்த இடத்தைக் கடக்கும் அரசர்கள் மேளத்தை நிறுத்தினார்கள் என்றும் மகாவம்சம் சொல்கிறது. எல்லாளன் சமாதி என்று ஒருகாலத்தில் காட்டப்பட்ட மேடு இன்று தக்கிண தூபி. நல்லூரின் கடைசி அரசன் சங்கிலியைப் போர்த்துக்கேயர் 1619இல் பிடித்து, கோவாவுக்குக் கொண்டுபோய் மரண தண்டனை கொடுத்தார்கள். நல்லூரில் அவனுக்குச் சிலை உண்டு, கல்லறை இல்லை.

கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனுக்கு மட்டும் ஒன்று இருக்கிறது. மதுரை நாயக்கர் வழி வந்த கண்ணுசாமி அவன். 1815 பெப்ரவரியில் பிரித்தானியரிடம் பிடிபட்டான். 1816இல் குடும்பத்தோடு கப்பலேற்றினார்கள். வேலூர்க் கோட்டையில் அடைபட்டு 1832 ஜனவரி 30ஆம் திகதி இறந்தான். பாலாற்றங்கரையில் அவனும் குடும்பத்தாரும் அடங்கிய இடத்தில் 1990இல் தமிழ்நாடு அரசு முத்து மண்டபம் கட்டியது. அவனுடைய சிம்மாசனமோ இங்கே, எங்களுக்குக் கிட்டத்தில் உள்ள வின்ட்சர் கோட்டையில் இருந்துவிட்டு 1934இல் இலங்கைக்குத் திரும்பியது. சிம்மாசனம் ஊர் போய்ச் சேர்ந்தது. அரசன் சேரவில்லை.

கொரியாவிலும் இப்படி ஒருவன் உண்டு. தன்ஜோங் என்ற சிறுவன். சித்தப்பனே 1455இல் அரசைப் பறித்து, பிறகு தூரத்து யோங்வொல்லுக்கு நாடுகடத்தினான். 1457இல் அங்கேயே அவன் உயிர் போனது. 241 ஆண்டுகள் கழித்து, 1698இல், அவனுக்கு அரசப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்து, அந்தக் கல்லறையை அரச கல்லறையாக உயர்த்தினார்கள். இன்று அதுவும் அந்த 40இல் ஒன்று.

ஆக, வேறுபாடு கல்லில் இல்லை. எங்களிடமும் கல் இருக்கிறது, சில கொரியக் கல்லறைகளுக்கும் மூத்த கல். அவர்களிடம் உள்ளது வருசாவருசம் போகும் ஆள். ஜோசோன் அரச குலத்தின் வழித்தோன்றல்கள் இன்றும் ஒவ்வொரு கல்லறையிலும் படையல் வைக்கிறார்கள். எங்கள் பள்ளிப்படைகள் காலப்போக்கில் சாதாரண சிவன் கோயில்களாகிவிட்டன. கும்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே நினைவுகூரப்படும் அரசனின் பெயர் தெரியும்? விளக்கு எரிகிறது, யாருக்காக என்பதுதான் மறந்துபோனது.

சோழன், சோழன் என்று மேடைதோறும் முழங்குகிறோம். பிள்ளைகளின் கலியாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்க ஹரோவிலிருந்து காஞ்சிபுரத்துக்குக் குடும்பமாகப் போகிறோம். அங்கிருந்து பிரம்மதேசம் அதிக தூரமில்லை. வேலூரும் மேல்பாடியும் ஒருநாள் பயணம். சேலைக்கடையில் செலவழிக்கும் நேரத்தில் பாதி போதும்.

இதை அரசர்களுக்காக மட்டும் சொல்லவில்லை. இங்கே எங்கள் முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சாம்பலைச் சிலர் கீரிமலைக்குக் கொண்டுபோகிறார்கள், சிலர் இங்கேயே ஆற்றில் கரைக்கிறார்கள். எங்கே, எப்போது, யாருக்கு என்று எந்த வீட்டிலாவது எழுதி வைத்திருக்கிறார்களா? ஒரு கொப்பியில் பெயரும் ஊரும் இறந்த திகதியும், சாம்பல் சேர்ந்த இடமும் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஆங்கிலத்திலும் எழுதுங்கள், பேரப்பிள்ளைகளுக்கு வேண்டும். வருசத்தில் ஒருநாள் அதை எடுத்து வாசித்து, யாருக்காவது ஒருவேளைச் சாப்பாடோ தண்ணீரோ கொடுங்கள். இராசேந்திரனுக்கே அவ்வளவுதான் கிடைத்தது. அதுதான் இன்றுவரை வாசிக்கக் கிடைக்கிறது.