பன்னிரண்டு கிலோடன்: ஆர். சிதம்பரத்தின் வியன்னாக் கட்டுரை குறித்து ஒரு மறுவாசிப்பு

ஆர். சிதம்பரத்தின் (1936–2025) வாழ்க்கையை எழுதுவோர் அவரை, பொக்ரானில் இந்தியா அணுவெடிப்பு நடத்திய இரண்டு தேதிகளுக்குள் அடக்கிவிடுகிறார்கள்: 1974 மே 18, 1998 மே 11. இடைப்பட்ட காலம் வெறும் காத்திருப்பாகிவிடுகிறது. 1975இல் ராஜா ராமண்ணாவுடன் சேர்ந்து அவர் வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டத்துக்கு அளித்த கட்டுரையோ, ‘அமைதி வெடிப்பு’ என்ற அரசியல் முகமூடியின் ஒரு பகுதியாக மட்டுமே வாசிக்கப்படுகிறது. அந்த வாசிப்பு முற்றிலும் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் முகமூடி என்று தள்ளிவைத்த அதே தாளிலிருந்து ஓர் எண்ணை மட்டும் கேள்வியின்றி எடுத்துக்கொண்டு 1998ஐப் பற்றிச் சண்டையிடுவது எப்படிச் சரியாகும்?

1974 வெடிப்பின் திறன் 12 கிலோடன் என்பதே அந்த எண். அதைச் சூழ்ந்திருக்கும் விவரங்கள் அலங்காரம் அல்ல. 107 மீட்டர் ஆழத்தில், ஷேல் எனும் களிப்பாறையும் மணற்கல்லும் கலந்த நிலத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. தரை மேடாக எழுந்து அமிழ்ந்தபின் எஞ்சிய பள்ளத்தின் ஆரம் 47 மீட்டர், ஆழம் 10 மீட்டர். இந்த அளவுகளைத் தாண்டிச் செல்லும் வாசகர் மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் குழிகளில் துளை போட்டு மருந்து வைத்தவராக இருக்க முடியாது. கல் மாறினால் மருந்தின் கணக்கு மாறும் என்பது அங்கே வேலைக்குச் சேரும் ஆள் முதலில் கற்கும் பாடம். அணுவெடிப்புக்கும் இது பொருந்தும். சுண்ணாம்புக்கல்லாக இருந்திருந்தால் வெப்பத்தில் பிரியும் கரியமில வாயுவே பள்ளத்தை வேறு விதமாக வடித்திருக்கும். ஆகவே பள்ளத்திலிருந்து வெடிதிறனைச் சொல்பவர், தாம் அறிந்தோ அறியாமலோ, பாறையைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்.

சிதம்பரம் அறிந்தே வந்தார் என்பதற்கு, அவரும் எஸ். கே. சிக்காவும் சதீஷ் குப்தாவும் 1985இல் ‘பிரமாணா’ இதழில் வெளியிட்ட கட்டுரையே சான்று. அதன் அக்கறை முழுவதும் பாறை அழுத்தத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான். இதில் வியப்பில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1962இல் முனைவர் பட்டம் பெற்று டிராம்பேக்கு வந்தவர், நியூட்ரான் விளிம்பு விளைவின் வழியே படிகங்களில் ஹைட்ரஜன் பிணைப்புகளை ஆராய்ந்தவர். 1960களின் பிற்பகுதியில் அவர் கையிலெடுத்த புளூட்டோனியத்தின் நிலைச்சமன்பாடும் அழுத்தத்தில் பொருள் எவ்வளவு சுருங்கும் என்ற கேள்விதான். அஞ்சலிக் குறிப்புகள் அவரை அணுக்கரு இயற்பியலாளர் என்றன. வழக்கம் கருதி ஏற்கலாம். என் வாசிப்பில் அவர் கடைசிவரை திடப்பொருள் இயற்பியலாளர். 1974இல் புளூட்டோனியத்தோடு ராணுவ வண்டித்தொடரில் பொக்ரானுக்குப் போனவரை இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள், பயணத்தையும் துறையையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இனி 1998. அன்று ஒரே நேரத்தில் வெடித்த மூன்று சாதனங்களின் அளவாக அரசு சொன்னது 45, 15, 0.2 கிலோடன். வெளிநாட்டு நிலநடுக்கவியலாளர் சிலர் கூட்டளவே 20 கிலோடனுக்குக் கீழ் என்றனர். சிக்காவும் அனில் ககோத்கரும் தந்த பதில் ஒப்பீட்டு முறையில் அமைந்தது: ஒரே வெடிகளம் என்பதால் 1998இன் நில அலைகளை 1974இன் அலைகளோடு ஒப்பிட்டால் போதும். அவர்கள் கண்ட விகிதம் நாலரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. 1974க்கு 13 கிலோடன் என்று வைத்து 58 என்ற விடைக்கு வந்தார்கள். வியன்னாவின் 12ஐ வைத்தால் 53 அல்லது 54 வரும். 1974 திட்டத்தில் முன்னணியில் இருந்த பி. கே. ஐயங்கார் பின்னாளில் அந்த வெடிப்பை 8 முதல் 10 கிலோடன் என்றே மதிப்பிட்டார். அந்த எண்களைப் போட்டால் 36 முதல் 45 வரை வரும். அலைப்பதிவில் எதுவும் மாறவில்லை; மாறியது வியன்னா எண் மட்டுமே. 1998 வெடிப்பு அறிவித்த திறனை எட்டவில்லை என்று அதில் பங்கேற்ற விஞ்ஞானி கே. சந்தானம் 2009இல் எழுப்பிய சர்ச்சையில் இரு தரப்பும் 1998இன் பதிவுகளையே துருவிக்கொண்டிருந்தன என்பது எனக்கு இன்றும் விளங்காத ஒன்று.

கதிரியக்க வேதியியல் பகுப்பாய்வு 50 கிலோடன் அளவைத் தனியாகவே தந்ததே என்று கேட்கலாம். தந்தது. ஆனால் அதன் மூலத் தரவுகள் முழுமையாக வெளியாகாத நிலையில், வெளியிலிருப்பவர் அதை நம்பலாம் அல்லது விடலாம், சோதிக்க வழியில்லை. நில அலை வாதம் ஒன்றுதான் நம் கைக்கு எட்டுகிறது.

12ஐச் சந்தேகிப்பவர் பள்ளத்துக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். அதைக் காப்பவர் பாறைக்குத் தாம் கொடுத்த வலிமையையும் ஈரத்தையும் நியாயப்படுத்த வேண்டும். 47 மீட்டர் ஆரம் 12ஐ மறுக்கவில்லை. பாறையைச் சற்றுத் தளர்வாகக் கொண்டால் 8ஐயும் அது தன்னளவில் மறுக்காது என்றே கருதுகிறேன். 1998க்குப் பின் சிதம்பரம் காட்டிய உறுதியை அரசு அதிகாரியின் விசுவாசம் என்று விளக்குவது எளிது. அவர் காத்துநின்றது தாமே கணக்கிட்ட ஓர் எண்ணையும்தான். 1985இன் கணக்கை வேறு பாறை உள்ளீடுகளோடு ஒருவர் மறுபடி ஓட்டிப் பார்க்காத வரை, 8க்கும் 13க்கும் இடையிலான வழக்கை 1998இன் அலைப்பதிவுகளால் முடிக்க இயலாது.